படிக்காத புத்தகத்துக்கு அழுதவர்

புத்தகம் வெளியான அன்று மாலைக்குள் அதற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மதிப்புரைகள் வந்துவிட்டன. மங்கையர்க்கரசி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டாள்.

உடுமலைப்பேட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப்பதிவியல் கற்பிப்பவள் அவள். அவளுடைய முதல் இரண்டு நாவல்களுக்கும் சேர்த்து இருபது பேர்கூட எழுதியதில்லை. அதிலும் பாதிப் பேர் அவளோடு வேலை பார்ப்பவர்கள். இது மூன்றாவது நாவல், ‘ஒற்றைத் தோள்’. விபத்தில் முதுகெலும்பு ஒடிந்து படுத்துவிட்ட கணவனையும், அவன் நடத்திவந்த டயர் பட்டறையையும் சேர்த்துத் தாங்கும் பல்லடத்துப் பெண் ஒருத்தியின் கதை. எழுதி முடிக்க நான்கு வருடம் ஆனது.

தமிழில் படிக்கிறவர்கள் எல்லோரும் இப்போது ‘படிமேடை’ செயலிக்குள் வந்துவிட்டார்கள். காகிதப் புத்தகம் வாங்குகிறவர்கள்கூட முதலில் அதில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். ‘ஒற்றைத் தோள்’ நாலரை நட்சத்திரத்தோடு முதல் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தது. மங்கை ஒவ்வொரு மதிப்புரையாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு பெயரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

டாக்டர் பொன்னுலிங்கம், தாராபுரம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பதினோரு வருடங்களாகப் படிமேடையில் எழுதிவருபவர். எழுத்தாளர்கள் அவரிடம் பயப்படுவார்கள். தனக்குப் பிடிக்காத புத்தகத்தை ‘சினை பிடிக்காத மாட்டை ஓட்டிவந்து சினை என்று விற்கிறார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர். அவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்:

‘பதினேழாம் அத்தியாயத்தில் அவள் சோறூட்டும்போது, படுத்துக் கிடப்பவன் மனசுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறானே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் மேலே படிக்க முடிந்தது.’

அந்த அத்தியாயத்தைத்தான் அவள் ஏழு முறை திருத்தி எழுதியிருந்தாள்.

மதிப்புரை எழுதியவரைத் தேடிப் போவது சரியா என்று இரண்டு நாள் யோசித்தாள். எழுதுவதற்கு முன்னால் போனால் அது கெஞ்சல். அவர் எழுதி முடித்துவிட்டார், இனி நன்றி சொல்வதில் தவறில்லை என்று தோன்றியது. சனிக்கிழமை காலை ஒரு காகிதப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி ராஜாமணி.

“டாக்டரப் பாக்கோணுங்களா? மாடு கீடு எதும் ஓட்டிட்டு வந்திருக்கீங்களா? அவிக இப்ப வைத்தியம் பாக்கறதில்லீங்க.”

“மாடு இல்லீங்க. நான் ஒரு எழுத்தாளர். சார் என் புத்தகத்தப் பத்தி எழுதியிருந்தாரு. நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ராஜாமணியின் முகம் மாறியது. உள்ளே விடலாமா வேண்டாமா என்று தயங்குவது போல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது. “யாரு ராஜாமணி? உள்ள வரச் சொல்லு.”

பொன்னுலிங்கம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை முடி, அழுத்தமான மீசை. மங்கை நீட்டிய புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“கனமா இருக்குதுங்களே. என்ன புஸ்தகமுங்க?”

“என் நாவல்தாங்க சார். ‘ஒற்றைத் தோள்’. நீங்க மதிப்புரை எழுதியிருந்தீங்களே.”

“நானா?”

வர்ணனையாளர் யாரோ அவுட் ஆனதற்காகக் கத்திக்கொண்டிருந்தார். பொன்னுலிங்கம் வானொலியை அணைத்தார்.

“எனக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாச்சுங்க அம்மிணி. கை காலு தப்பிச்சிருச்சு. பேச்சும் தப்பிச்சிருச்சு. படிப்பு மட்டும் போயிருச்சு.”

“கண்ணு தெரியாதுங்களா?”

“கண்ணு நல்லாத் தெரியுதுங்க. அந்தக் கம்பி மேல ஒக்காந்திருக்கற காக்கா தெரியுது. இந்த எழுத்தும் தெரியுது. ஆனா எறும்பு ஊர்ற மாதிரித்தான் தெரியுது. என்ன எழுதியிருக்குதுன்னு தெரியலீங்க. மண்டைக்குள்ள படிக்கற எடத்துல மட்டும் ரத்தம் போவாம கருகிருச்சுன்னாங்க. வேடிக்கை என்னன்னா, எழுத வருது. பேனாவக் குடுத்தா ஒரு பக்கம் எழுதுவேன். எழுதி முடிச்சதும் அதையே என்னால படிக்க முடியாது.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நான் எழுதுனதாச் சொன்னீங்களே, அதக் கொஞ்சம் வாசிங்க, கேப்போம்” என்றார்.

மங்கை போனை எடுத்து வாசித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதாக வந்த இடத்தில் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

“இது என்ற பேச்சுத்தான்,” என்றார் அவர் மெதுவாக. “நான் எழுதுனா இப்படித்தான் எழுதுவேன். ஆனா நான் தொட்டே பாக்காத புஸ்தகத்துக்கு நான் எப்படீங்க அழுதேன்?”

அவருடைய பார்வை மனைவி பக்கம் திரும்பியது. ராஜாமணி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“எத்தன நாளா?”

“நீங்க ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்தே உங்க பேருல வருதுங்க. மாசம் நாலஞ்சு. நீங்க கடைசியா எந்தப் பொத்தான அமுக்குனீங்களோ, அதுபாட்டுக்கு வந்துட்டே இருக்குது. நான் சமையக்கட்டுல ஒக்காந்து படிப்பேன்.” அவள் குரல் உடைந்தது. “நீங்க பேசற மாதிரியே இருந்துச்சுங்க. இங்க நீங்க எரிஞ்சு எரிஞ்சு விழறீங்க. அதுல பழைய மாதிரிக் கிண்டலாப் பேசறீங்க. எனக்கு அத நிறுத்தோணும்னு தோணலீங்க.”

பொன்னுலிங்கம் புத்தகத்தை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மங்கை அங்கிருந்தே பதிப்பாளர் இளவழகனுக்குப் போன் செய்தாள்.

“அது நிகர்வாசகர் மேடம்,” என்றார் அவர், மழை வருகிறது என்று சொல்வது போல. “ஒருத்தர் பல வருசமாப் படிக்கறாரு, எழுதறாரு. எந்த எடத்துல நிறுத்தறாரு, எந்த எடத்துல வேகமாப் போறாரு, எல்லாத்தையும் செயலி பாத்துக்கிட்டே இருக்குமில்லையா? அதவெச்சு அவர மாதிரியே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க. புதுசா புத்தகம் வந்தா, அவரு படிச்சா என்ன எழுதுவாரோ அத அந்த நிகர் எழுதிரும். போட்டோவும் பேரும் அவரோடதுதான். நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா இருக்குமாம்.”

“அவரு படிச்சா.”

“ஆமா, படிச்சா.”

“அவரு படிக்கலீங்களே.”

“அதான் மேடம், படிச்சா இதத்தான் எழுதுவாரு.”

“இந்த முந்நூறு பேர்ல உண்மையிலேயே படிச்ச மனுசங்க எத்தன பேரு?”

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “பதினொண்ணு காட்டுது. புத்தகம் வந்து ஒரு வாரந்தான ஆச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒப்பந்தத்துல இருக்கு மேடம். நிகர் வேண்டாம்னா தனியா எழுதிக் குடுக்கணும். யாருமே குடுக்கறதில்ல. அம்பது மதிப்புரைக்குக் கீழ இருந்தா புத்தகம் தானா யாரு கண்ணுலயும் படாது. பேரச் சொல்லித் தேடுனாத்தான் வரும். உங்க பேரச் சொல்லி யாரு தேடுவாங்க, சொல்லுங்க?”

அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இளவழகன், கூலிக்கு ஆள் பிடிச்சுப் பொய் மதிப்புரை எழுத வெச்சா, எழுதறவனாவது காசு வாங்கிட்டோம்னு மனசுக்குள்ள குறுகுவான். இதுல அதுவும் இல்ல. நோயாளி ஒருத்தரோட பேரும் படமும் இருக்கு. அவரு கேக்கவும் இல்ல, படிக்கவும் இல்ல, அவருக்குத் தெரியவும் தெரியாது. அவரு வாயில வார்த்தையத் திணிச்சு என்னைப் பாராட்ட வெச்சிருக்கீங்க. நானும் ஒரு வாரமா அதுல குளிர் காஞ்சிருக்கேன். எடுத்துருங்க. மொத்தத்தையும்.”

“மேடம், யோசிச்சு…”

“எடுங்க.”

அடுத்த நாள் நிகர்கள் எழுதியவை போய்விட்டன. அவற்றோடு நாவலும் போய்விட்டது. முதல் பக்கத்தில் இருந்த அட்டைப்படத்தின் இடத்தில் வேறொருவரின் நாவல் இருந்தது. அதற்கு நானூறு மதிப்புரைகள். அத்தனை நிகர்களும் ஒரே வாரத்தில் அழுதிருந்தன.

தாராபுரத்தில் விடைபெறும்போது பொன்னுலிங்கம் ஒன்று கேட்டிருந்தார். “இந்தப் புஸ்தகம் இங்கயே இருக்கட்டுங்களா? ராஜாமணி வாசிச்சுக் காட்டுவா.”

“எனக்கா வாசிக்கத் தெரியும்? வாரப் பத்திரிகை தவிர நான் என்ன படிச்சிருக்கறேன்?” என்றாள் ராஜாமணி.

“நான் வேணும்னா சனிக்கெழமை வந்து வாசிக்கட்டுங்களா சார்?” என்று சொல்லிவிட்டு, மங்கையே தலையை ஆட்டி மறுத்தாள். “வேண்டாங்க. நான் எதிர்ல ஒக்காந்து வாசிச்சா நீங்க மனசுல பட்டதச் சொல்ல முடியாது. அம்மாவே வாசிக்கட்டும். நான் போனும் பண்ண மாட்டேன்.”

“அவிகளா மனசுல பட்டதச் சொல்லாம இருப்பாங்க!” என்று ராஜாமணி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

மங்கைக்கு இனி வாசகர்கள் ஒவ்வொருவராக வர வேண்டும். கையிலிருந்த பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினாள். ‘படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள். எழுதுவதற்காக நான் எதுவும் தர மாட்டேன். எழுதாமல் விட்டால் எதுவும் நினைக்க மாட்டேன்.’ நூலக வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று இதையே சொன்னாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்பதில் கேவலம் இல்லை, ஏமாற்றுவதில்தான் கேவலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லூரியில் அவளுடைய வகுப்பு மாணவிகள் தாங்களும் எழுதுவதாக வந்தபோது கூடாது என்று சொல்லிவிட்டாள். “உங்க மார்க்கு என் கையில இருக்கு. நீங்க நல்லதா எழுதினாலும் அது எனக்கு நல்லதில்ல.” உடன் வேலை பார்ப்பவர்களிடமும் கேட்கவில்லை.

மெதுவாக வந்தன. பொள்ளாச்சியில் நர்சாக இருக்கும் ஒரு பெண் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, ‘வருடக்கணக்காகப் படுத்திருப்பவரின் முதுகில் வரும் புண்ணைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அது இப்படி ஒரு வாரத்தில் ஆறாது’ என்று எழுதியிருந்தாள். மங்கைக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. விசாரித்தாள். நர்ஸ் சொன்னதுதான் சரி. இளவழகனிடம் சொல்லி அடுத்த பதிப்புக்கு அந்தப் பத்தியை மாற்றி எழுதிக்கொடுத்தாள். முந்நூறு நிகர்களில் ஒன்றுகூட அந்தப் புண்ணைப் பார்த்திருக்கவில்லை.

ஆடி மாதம் தாராபுரத்திலிருந்து போன் வந்தது. “முடிச்சுட்டமுங்க. வாங்க” என்றார் பொன்னுலிங்கம்.

அவர் இந்த முறை எழுந்து நின்று வரவேற்றார். உட்கார வைத்து, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“பட்டறை நல்லா வந்திருக்குதுங்க. ரப்பர் வேகற வாசம் இந்தக் கூடத்துக்கே வந்துச்சு. அந்தப் பொண்ணு கந்துவட்டிக்காரங்கிட்டப் பேசற எடம் ரொம்ப நல்லா இருக்குது. ஆனா பதினேழாம் அத்தியாயம் பொய்யுங்க.”

மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“படுத்துக் கெடக்கறவன் பொண்டாட்டிய மனசுக்குள்ள கும்பிட மாட்டானுங்க. கரண்டி ஒரு நிமிசம் லேட்டா வந்தா எரிஞ்சு விழுவான். அவ நல்லாப் பாத்துக்கறதே அவனுக்கு ஆத்திரமா இருக்கும். நான் இதெல்லாம் ரெண்டு வருசத்துக்கு முந்தி படிச்சிருந்தா அழுதுதான் இருப்பேன். அந்த மிசினு பொய் சொல்லல. அப்பத்த ஆளு அப்படித்தான். நான் இப்ப அவன் இல்லீங்க.”

“அப்பாடா,” என்றாள் ராஜாமணி சமையலறை வாசலில் நின்றபடி. “இப்பவாவது வாய் தொறந்து ஒத்துக்கிட்டீங்களே. எம்பட அபிப்பிராயத்தயும் சொல்லட்டுங்களா அம்மிணி? அந்தப் பொண்ணு புஸ்தகம் பூராவும் ஒரு தடவகூடக் கத்தல. அது எப்படீங்க முடியும்? நான் மாட்டுக் கொட்டாய்க்குப் போயிக் கத்துவேன்.”

மங்கை அழுதாள். திட்டு வாங்கியதற்காக இல்லை. நான்கு வருடம் எழுதியதை இரண்டு பேர் உண்மையிலேயே படித்திருந்தார்கள்.

பொன்னுலிங்கம் பேனாவை வாங்கித் தன் கையாலேயே மதிப்புரையை எழுதினார். மூன்று நட்சத்திரம். அவரால் அதைத் திரும்பப் படிக்க முடியாததால் ராஜாமணி வாசித்துக் காட்டினாள். இரண்டு வார்த்தையை மாற்றச் சொன்னார். பிறகு அவளே போனில் தட்டி ஏற்றினாள். மறுநாள் காலையில் அது இல்லை. அறிவிப்பு ஒன்று வந்திருந்தது.

‘இந்த மதிப்புரை, வாசகர் டாக்டர் பொன்னுலிங்கத்தின் இயல்புக்கு மாறாக உள்ளது. ஆள்மாறாட்டம் என்ற சந்தேகத்தின் பேரில் நீக்கப்பட்டது.’

மங்கை அவசரமாகத் தன் பக்கத்தைப் பார்த்தாள். நர்ஸ் எழுதியதும் போயிருந்தது. வாசகர் வட்டத்திலிருந்து வந்தவற்றில் பாதி போயிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: நிகர் சொல்லியிருக்கக்கூடியதும் ஆள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை, ஆகவே ஆசிரியரின் தூண்டுதல்.

பொய் இருந்த இடத்தில் உண்மையை வைத்தாள். பொய் வந்து, உண்மையைப் பொய் என்று சொல்லி எடுத்துவிட்டது.

அடுத்த வாரம் மூவரும் கோயம்புத்தூருக்குப் போனார்கள். படிமேடையின் அலுவலகம் அவினாசி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் இருந்தது. வாசகர் உறவுப் பிரிவின் மேலாளர் நிரஞ்சனாவுக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னாள். பொன்னுலிங்கம் ஆதார் அட்டையை மேசைமேல் வைத்தார்.

“நாந்தான் நானுங்க. பாத்துக்கங்க.”

“நீங்க நீங்கதான்னு எனக்குத் தெரியுது சார். சிஸ்டம் என்ன சொல்லுதுன்னா, நீங்க இப்படி எழுத மாட்டீங்கன்னு சொல்லுது.”

“எழுதியிருக்கறேனே.”

“புரியுது சார். ஆனா உங்க இயல்புக்கு அது பொருந்தல.”

“என்ற இயல்பு என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குத்தான் தெரியுமா?”

நிரஞ்சனா மங்கையின் பக்கம் திரும்பினாள். “மேடம், நீங்க எழுத்தாளர், உங்களுக்குப் புரியும். முன்னாடி எல்லாம் எப்படி இருந்துச்சு? சொந்தக்காரங்க எழுதுவாங்க, கூலிக்கு எழுதுவாங்க, எதிரிங்க ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போவாங்க. நிகர் யாருக்கும் சொந்தக்காரர் கிடையாது. லஞ்சம் வாங்காது. புது எழுத்தாளருக்கும் முதல் நாளே வாசகர் கிடைக்கறாங்க. இது நியாயம் இல்லையா?”

“வாசகர் கிடைக்கலம்மா,” என்றாள் மங்கை. “வாசகரோட போட்டோ கிடைக்குது. ஒரு மனுசன் தன் ராத்திரித் தூக்கத்த விட்டு ஒரு புத்தகத்தப் படிக்கறான் பாருங்க, அதான் மதிப்புரை. அதுக்கப்புறம் அவன் எழுதறது ரெண்டாம்பட்சம். படிச்சதே இல்லாம, எழுதினத மட்டும் எனக்கு எதுக்குத் தர்றீங்க?”

“அதெல்லாம் உணர்ச்சிபூர்வமான…”

“சரி, உணர்ச்சி வேண்டாம். உங்க பேருல இருக்கற நிகர் என் புத்தகத்துக்கு எத்தன நட்சத்திரம் போட்டுச்சு?”

நிரஞ்சனா சற்றுத் தடுமாறினாள். “எங்க ஸ்டாஃப் யாருக்கும் நிகர் கிடையாது மேடம்.”

“ஏன்?”

“அது பாலிசி.”

“ஏன்னு கேக்கறேன்.”

நிரஞ்சனா வெளியே பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாற்பது ஐம்பது பேர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாயிலும் யாரும் வார்த்தையைத் திணிக்கவில்லை.

“நீங்க சமைச்சத உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஊட்ட மாட்டீங்க,” என்றாள் மங்கை. குரல் உயர்ந்துவிட்டது. அப்பால் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். “ஆனா தாராபுரத்துல நோயில கெடக்கறவரு பேர எடுத்துக்கலாம், இல்லையா?”

நிரஞ்சனா முகம் சிவந்து கீழே பார்த்தாள். பிறகு வேறு குரலில் பேசினாள். “சார், ரெண்டு வழி இருக்கு. ஆறு மாசம் நீங்க நாடித்துடிப்பப் பதியற ஒரு பட்டை கையில கட்டிக்கிட்டுப் புத்தகம் கேட்டா, உங்க நிகர இப்ப இருக்கற மாதிரி மாத்திரலாம். அப்ப உங்க மூணு நட்சத்திரம் ஏறிரும்.”

“அதுக்கப்புறம் நான் மறுபடியும் மாறுனா?”

“மறுபடியும் கட்டிக்கணும்.”

“இன்னொரு வழி?”

“நிகர அழிச்சிரலாம். ஆனா அது நீங்க எழுதினதுல இருந்து வளர்ந்தது. தனியாப் பிரிக்க முடியாது. இதுவரைக்கும் நீங்க கைப்பட எழுதின எல்லா மதிப்புரையும் சேந்து போயிரும். ஒம்பது வருசத்தது.”

“வேண்டாங்க,” என்றாள் ராஜாமணி உடனே. கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “சண்ட போட்டது போதும். வாங்க போலாம். அது இருந்துட்டுப் போவட்டும். நீங்க கைப்பட எழுதுனதுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்குது?”

பொன்னுலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

“ராஜாமணி, அந்த ஆளு போயி ரெண்டு வருசமாச்சு. நீ சோறு போடறது எனக்கு. கத்தறதும் என்னையப் பாத்துத்தான். அவனையும் பாத்துக்கிட்டு, என்னையும் பாத்துக்கிட்டு, உனக்கு ரெண்டு புருசன் எதுக்கு?”

அவர் சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. முழங்கையை விட்டுவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

நிகரை அழிக்கச் சம்மதித்து அவர் ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். நிரஞ்சனா ஒருமுறைக்கு இருமுறை, உறுதியா சார் என்று கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது அவளுக்கே கண் கலங்கியிருந்தது. பொத்தானை அழுத்தியது அவள்தான். திரையில் அறுநூற்றுச் சொச்சம் மதிப்புரைகள் இருந்த பக்கம் வெள்ளையாகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ராஜாமணி காரின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பல்லடம் தாண்டியும் திரும்பவில்லை. மங்கைக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தன் புத்தகத்துக்கு நியாயம் கேட்கப் போய் இவர்களிடம் இருந்ததைப் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்தாள். அதைச் சொல்லவும் செய்தாள்.

“நீங்க புடுங்கலீங்க,” என்றார் பொன்னுலிங்கம். “அவங்க எடுத்து வெச்சிருந்தாங்க. அத நாம திருப்பிக் கேக்கப் போனோம். திருப்பித் தரமாட்டம், வேணும்னா ஒடச்சுப் போடறம்னாங்க. ஒடச்சது அவங்க.”

நிகர் இல்லாத புது வாசகருக்கு இயல்பு என்று ஒன்றும் பதிவாகியிருக்காது. அதனால் அவர் புதிதாகச் சேர்ந்து எழுதியபோது, அந்த மூன்று நட்சத்திரத்தை யாரும் தடுக்கவில்லை. பெயருக்குக் கீழே ‘புதியவர்’ என்று காட்டியது. நர்சும் வாசகர் வட்டத்தாரும் தங்கள் பழைய கணக்குகளை அழித்துவிட்டுப் புதியவர்களாகத் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய பல வருட எழுத்தும் போனதுதான். ‘ஒற்றைத் தோள்’ இன்னும் பெயரைச் சொல்லித் தேடினால்தான் வரும். ஆனால் இப்போது சிலர் தேடுகிறார்கள்.

ராஜாமணியின் கோபம் இரண்டு வாரம் இருந்தது. ஒரு நாள் அவளே வேறொரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “கேளுங்க” என்று வாசிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் தினமும் மதியம் வாசிப்பு நடந்தது. பாதியில் நிறுத்திச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் மங்கை அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது டாக்டருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நான் தூத்துக்குடில இருந்து ஜெசிந்தா பேசுதேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஏழு வருசத்துக்கு முன்னாடி என் முதல் புத்தகத்துக்கு நீங்க எழுதியிருந்தீய. அது நிகர் வர்றதுக்கு முன்னாடி. நீங்களே படிச்சு, நீங்களே எழுதுனது. அந்தப் புத்தகத்துக்கு நல்லதா ஒரு ஆள் எழுதுனாருன்னா அது நீங்க ஒருத்தர்தான் சார். நான் எழுதுறத விட்டுரலாம்னு நெனச்சப்போ எல்லாம் அதப் போய்ப் படிப்பேன். நேத்துப் போய்ப் பாத்தா இல்ல. நீங்களே அழிச்சிட்டியன்னு சொல்லுதாவ. ஏன் சார் அழிச்சிய? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

பொன்னுலிங்கத்தின் கை மீசைக்குப் போய் அங்கேயே நின்றது. மங்கை தரையைப் பார்த்தாள். சண்டை போட்டவர்கள் கணக்கில் இந்தப் பெண் இருக்கவே இல்லை.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க அம்மிணி,” என்றார் அவர் கடைசியில். “நான் என்ன எழுதியிருந்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இப்பப் படிக்க வராது. ஆனா ஒண்ணு பண்ணலாம். புஸ்தகத்த அனுப்புங்க. என்ற ஊட்டுக்காரி வாசிப்பா, நான் மறுபடியும் கேக்கறேன்.”

“நெசமாவா சார்?”

“நெசந்தான். ஆனா நான் இப்ப வேற ஆளுங்க. அந்த ஆளுக்குப் புடிச்சது எனக்குப் புடிக்குமான்னு சொல்ல முடியாது. புடிக்கலீன்னா புடிக்கலீன்னுதான் எழுதுவேன். யோசிச்சுக்கங்க.”

மறுமுனையில் கடல் காற்றோ, மின்விசிறியோ, ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது. இணைப்பு போய்விட்டது என்று ராஜாமணி போனை எடுக்கக் கை நீட்டினாள்.

“விலாசம் சொல்லுங்க சார்,” என்றது குரல்.